‘எந்த மென்பொருள் வாங்கலாம்?’: வீட்டு ஒலிப்பதிவு ஆலோசனைகள் மீது ஒரு விமர்சனம்

‘ஹோம் ஸ்டூடியோ அமைப்பது எப்படி’ என்று தமிழில் தேடினால் கிடைக்கிற ஆலோசனைகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சு. முதலில் லேப்டாப்: இத்தனை ஜிபி ரேம், இந்த ப்ராசஸர். அடுத்து ஆடியோ இன்டர்ஃபேஸ்: ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட், காசு பத்தலைன்னா பெரிங்கர். பிறகு ஒரு கண்டென்சர் மைக், ஒரு ஹெட்ஃபோன், குட்டியாக ஒரு மிடி கீபோர்டு. கடைசியில் மென்பொருள். எஃப்எல் ஸ்டூடியோவா, ஏபிள்டனா, க்யூபேஸா, லாஜிக்கா என்று ஒரு பட்டிமன்றம் நடக்கும். தீர்ப்பு பெரும்பாலும் ‘உங்களுக்கு எது வசதியோ அது’ என்றே முடியும். அதைச் சொல்ல ஒரு நடுவர் எதற்கு என்பது தனிக் கேள்வி.

இந்தப் பட்டியல்களில் தப்பான தகவல் அதிகம் கிடையாது. என் புகார் வேறு. எந்தப் பாட்டை, யார் பாட, எந்த வீட்டில் வைத்துப் பதியப் போகிறீர்கள் என்று இவை கேட்பதே இல்லை. அடைத்த அறையில் தனியாக உட்கார்ந்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, மெட்ரோனோம் தட்டத் தட்ட ஒவ்வொரு டிராக்காகப் போடுகிற ஓர் ஆளை மனதில் வைத்து எங்கேயோ எழுதிய ஆலோசனை. நாம் மாற்றியது மொழியை மட்டும். அந்த ஆள் இங்கேயும் இருக்கிறார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இங்கே அவர் மட்டும் இல்லை.

இந்த ஆலோசனைகளை ஏதாவது ஓர் ஊரில் வைத்து உரசிப் பார்க்க வேண்டும். நான் எடுத்துக்கொண்டது போடிநாயக்கனூரையும் அதன் மேலே உள்ள ஏலக்காய் மலைச் சரிவையும். காரணம் இரண்டு. வீட்டில் ஒலிப்பதிவு செய்ய என்னென்ன இடைஞ்சல் உண்டோ அத்தனையும் அங்கே உண்டு: காற்று, சாரல், தகரக் கூரை, கரண்ட், சிக்னல். இரண்டாவது காரணம், போடியிலிருந்து தேவாரம் வழியாக மலையடிவாரத்தை ஒட்டியே தெற்கே போனால் பண்ணைப்புரம் வரும். தமிழ்நாட்டில் இசையையும் கருவியையும் பற்றி யோசிக்கிற எவரும் அந்த ஊரைத் தாண்டிப் போக முடியாது.

மூன்று வேலை, ஒரே பட்டியல்

வீட்டில் இசை செய்பவர்கள் எல்லோரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. குறைந்தது மூன்று வகை உண்டு: எழுதி வாசிப்பது, அடுக்குவது, பிடிப்பது.

எழுதி வாசிப்பதற்கு இளையராஜாவைவிட நல்ல உதாரணம் இல்லை. 1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். அண்ணன் பாவலர் வரதராசனோடும் மற்ற சகோதரர்களோடும் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகச் சுற்றியவர். 1968இல் சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். 1976இல் ‘அன்னக்கிளி’. அவருடைய முறை எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய ஸ்வரக் குறிப்பை முதலில் தாளில் எழுதிவிடுவார். வாத்தியக்காரர்கள் அதைப் பார்த்துச் சேர்ந்து வாசிப்பார்கள். பாட்டு பதிவாகிவிடும். அவருக்கு ‘மென்பொருள்’ அந்த இசைத்தாள்தான். ஒலிப்பதிவு தொடங்கும் முன்பே பாட்டு முழுசாக இருக்கிறது, மைக்கின் வேலை கடைசியில்தான் வருகிறது.

அடுக்குவதற்கு உதாரணம் ஏ.ஆர். ரஹ்மான். திலீப்பாக இருந்த காலத்தில் இளையராஜா குழுவிலேயே கீபோர்டு வாசித்தவர். 1989 வாக்கில் கோடம்பாக்கத்தில் தன் வீட்டு வளாகத்திலேயே ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’ என்ற ஒலிப்பதிவுக்கூடத்தைக் கட்டினார். 1992இல் வந்த ‘ரோஜா’வின் பாட்டுகள் அங்கே உருவானவை. தமிழின் மிகப் பிரபலமான ‘வீட்டு ஒலிப்பதிவு’ எதுவென்று கேட்டால் அதைத்தான் சொல்ல வேண்டும். இங்கே பாட்டு முதலில் தாளில் இல்லை. ஒரு தாளம், அதன் மேல் ஒரு ஒலி, அதன் மேல் ஒரு குரல், பிறகு வெட்டு, ஒட்டு, மாற்று என்று அடுக்கடுக்காக வளர்கிறது.

‘ரோஜா’வைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கருவிகளைச் சொல்கிறார்கள்: சின்தசைசர், சீக்வென்சர். ஆனால் சீக்வென்சர் 1992இல் புதிசு இல்லை. 1986லேயே ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணினி வழி சீக்வென்சரைப் பயன்படுத்திவிட்டார். அப்படியானால் ‘ரோஜா’வில் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? என் வாசிப்பில், நேரத்திலிருந்து. வாடகை ஸ்டூடியோவில் கால்ஷீட் உண்டு, கடிகாரம் உண்டு, வெளியே அடுத்த குழு காத்திருக்கும். சொந்த வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு ஒலியை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். கேட்க ஆள் கிடையாது. வீட்டு ஒலிப்பதிவு கொடுக்கிற பெரிய வரம் அந்த நேரம்தான். ஆலோசனைப் பட்டியல்களில் அது ஒரு வரியாகக்கூட வருவதில்லை, ஏன்னா அது கடையில் கிடைக்காது.

மூன்றாவது வகை பிடிப்பது. பாட்டு ஏற்கெனவே இருக்கிறது. அதை எழுதத் தேவையில்லை, அடுக்கவும் தேவையில்லை. பாட்டியின் தாலாட்டு, தெருவில் நடக்கிற கும்மி, கோயில் கொடையில் அடிக்கிற உருமி, தப்பு. அது நடக்கும்போது கெடுக்காமல் பிடித்து வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கேட்கச் சின்ன வேலை மாதிரித் தெரியும். மறு டேக் இல்லாத வேலை இது ஒன்றுதான்.

இப்போது பட்டியல்களைத் திரும்பப் பாருங்கள். அவை இரண்டாவது வகைக்கு மட்டுமே எழுதப்பட்டவை. ஆனால் அதைச் சொல்லாமல் ‘இசை ஒலிப்பதிவு’ என்று பொதுப்பெயர் வைத்துவிட்டன. முதல் வகைக்காரர் இதைப் படித்துத் தேவையில்லாததை வாங்குகிறார். மூன்றாம் வகைக்காரர் ‘இவ்வளவு செலவா’ என்று ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுகிறார். இரண்டாவது நஷ்டம்தான் பெரிசு.

யார் யாரைப் பின்தொடர்வது?

ஒரு கருவியையோ மென்பொருளையோ மதிப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: பாடுகிறவர் பின்னால் கருவி போகிறதா, கருவி பின்னால் பாடுகிறவர் போக வேண்டியிருக்கிறதா?

புதிதாக ஒரு ப்ராஜெக்ட் திறந்து பாருங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் நிமிஷத்துக்கு 120 தட்டு, நாலுக்கு நாலு தாளம் என்று தயாராக இருக்கும். திரை முழுக்கக் கட்டம் போட்டிருக்கும். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, அதுவே வைத்துக்கொண்டது. மாற்றலாமே என்பீர்கள். எண்ணை மாற்றலாம். ஆனால் ‘பாட்டு முழுக்க ஒரே வேகம்’ என்கிற எண்ணம் அப்படியே இருக்கும். கும்மி அப்படி நடக்காது. மெதுவாக ஆரம்பித்து, சுற்றச் சுற்ற வேகம் ஏறி, முடிகிறபோது மூச்சு வாங்கும். அந்த ஏற்றம்தான் கும்மி. அதை 96லோ 104லோ கட்டி வைத்தால் கிடைப்பது கும்மியின் வரிகள் மட்டும்.

இதற்கு மாற்று இருக்கிறது. முதலில் மெட்ரோனோம் இல்லாமல் பாட விட வேண்டும். பிறகு பாட்டின் தட்டுகளுக்கு ஏற்ப மென்பொருளின் கட்டத்தை வளைக்க வேண்டும். லாஜிக்கில் ‘ஸ்மார்ட் டெம்போ’ என்று இதற்கு வசதி உண்டு. ஏபிள்டன் லைவ் 11ஆம் பதிப்பிலிருந்து உள்ளே வரும் ஒலியைக் கேட்டு வேகத்தை மாற்றிக்கொள்ளும் ‘டெம்போ ஃபாலோயர்’ உண்டு. ரீப்பரில் கையாலேயே இடத்துக்கு இடம் வேகக்குறி போட்டுக்கொள்ளலாம். பொறுமை வேண்டும், ஆனால் செய்யலாம். ‘எந்த மென்பொருள் நல்லது’ என்று ஒப்பிடுகிற வீடியோக்கள் கூடவரும் டிரம் லூப்களை எண்ணிச் சொல்கின்றன. இந்த ஒரு வசதியை ஒப்பிடுகிற வீடியோ அபூர்வம்.

லூப் என்றதும் இன்னொன்று. ‘இந்தியத் தாளக் கருவிகள்’ என்று விற்கிற ஒலித்தொகுப்புகளில் இருப்பது பெரும்பாலும் தபலாவும் டோலக்கும். உருமியில் வளைந்த குச்சியைத் தோலில் தேய்க்கும்போது வரும் அந்த இழுவையைத் துண்டு துண்டாகப் பதிந்து விசையில் வைத்தால் அது உருமி ஆகாது. ஒவ்வொரு தேய்ப்பும் முந்தையதிலிருந்து வேறு.

ஸ்வரத்திலும் இதே கதைதான். மிடி கீபோர்டு ஒரு சப்தகத்தைச் சமமான பன்னிரண்டு படியாகப் பிரிக்கிறது. அதன் அந்தர காந்தாரம் 400 செண்ட். இயல்பான அதிர்வு விகிதப்படி அது 386 செண்ட். 14 செண்ட் வித்தியாசம் சின்னதுதான், ஆனால் தம்பூராவோடு சேர்த்து வைத்தால் காதுக்குத் தெரியும். மிடி தரநிலை 1983இல் வந்தபோதே ஸ்வரத்தை வளைக்க வழி வைத்திருந்தார்கள். 16,384 படிகள் கொண்ட ‘பிட்ச் பெண்ட்’ அது. ஆனால் பெரும்பாலான கீபோர்டுகளில் அதை ஒரு சின்னச் சக்கரமாக ஓரத்தில் ஒதுக்கிவிட்டார்கள். மலிவான குட்டிக் கீபோர்டுகளில் சக்கரமே இல்லாமல் இரண்டு பொத்தான் மட்டும் இருக்கும். கமகம் வேண்டுமென்றால் வாங்கும்போது பார்க்க வேண்டியது அந்தச் சக்கரத்தை. பட்டியல்களோ ‘25 கீயா 49 கீயா’ என்று மட்டும் பேசுகின்றன.

‘அப்படிப் பார்த்தால் ஆர்மோனியமும் பன்னிரண்டு படிதானே, அதை வைத்துக்கொண்டுதானே பாவலர் சகோதரர்கள் ஊரெல்லாம் பாடினார்கள்?’ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. இதே சண்டை நடந்து முடிந்த ஒன்று. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. நிலைத்த ஸ்வரம் உள்ள வாத்தியம், இந்திய இசையின் வளைவு நெளிவு அதில் வராது என்பது முக்கியமான குற்றச்சாட்டு. 1971இல்தான் தடை தளர்ந்தது. முப்பது வருஷம் வானொலி அதை ஒதுக்கி வைத்திருந்தது. அந்த முப்பது வருஷமும் நாடக மேடையிலும் கட்சி மேடையிலும் ஆர்மோனியம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வானொலியின் குற்றச்சாட்டு கருவியளவில் உண்மை. ஆனால் பாட்டளவில் பொய்த்துப்போனது. ஏனென்றால் மேடையில் ஆர்மோனியக்காரர் பாடகரின் பின்னால் போவார். பாடகர் வளைத்தால் இவர் இரண்டு கட்டைக்கு நடுவே விரலை ஓட்டி ஒப்பேற்றுவார், அல்லது அந்த இடத்தில் கையை எடுத்துவிடுவார். பாடகரை ‘என் கட்டைக்கு வா’ என்று ஆர்மோனியம் இழுக்காது. ஆட்டோ-ட்யூன் இழுக்கும். 1997இல் வந்த அந்த மென்பொருளைச் செய்தவர் எண்ணெய் தேடும் நிறுவனங்களுக்காக நில அதிர்வுத் தரவுகளை ஆராய்ந்து வந்த ஒரு பொறியாளர். குரலின் ஸ்வரத்தைக் கண்டுபிடித்து, பக்கத்துப் படிக்கு இழுத்து நிறுத்துவது அதன் வேலை. கமகம் அதன் கணக்கில் ஒரு பிழை. வேண்டுமென்றே ஒரு ஒலிநயத்துக்காக அதைப் போட்டால் ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒரு கிழவி பாடிய தாலாட்டில் போட்டு, அடியில் ஒரு டிரம் லூப்பையும் ஓட்டி, ‘ஃபோக் ரீமிக்ஸ்’ என்று ஏற்றுகிறார்களே, அதில் அந்தக் கிழவியின் குரல் என்று சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது?

ஆக, கட்டம் இருப்பது குற்றமில்லை. கட்டம் யாருக்குக் கட்டுப்படுகிறது என்பதுதான் கேள்வி.

அறை, கரண்ட், மழை

பட்டியல்கள் ‘அறையைச் சரிசெய்யுங்கள்’ என்று சொல்லி ஃபோம் பலகை வாங்கச் சொல்கின்றன. ஃபோம் என்ன செய்யும்? அறைக்குள்ளே எழும் எதிரொலியில் மேல்ஸ்தாயிப் பகுதியைக் கொஞ்சம் உறிஞ்சும். வெளியிலிருந்து வரும் சத்தத்தை நிறுத்தாது. தகரக் கூரையில் மழை விழும்போது சுவரில் ஃபோம் ஒட்டி என்ன பயன்? ஆனி, ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்றுக்கு ஜன்னல் பலகை தடதடக்கும். அதற்கும் ஃபோமில் பதில் இல்லை. எதிரொலியைக் குறைக்க வேண்டுமென்றால் மெத்தை, போர்வை, துணி அடைத்த பீரோ, சாக்கு மூட்டை அடுக்கிய அறை போதும். மூட்டை அடுக்கிய அறைக்கு அந்த ஊரில் பஞ்சம் இருக்காது.

வெளிச்சத்தத்துக்கு விடை மைக் தேர்வில்தான் இருக்கிறது. எல்லாப் பட்டியலும் கண்டென்சர் மைக் என்கிறது. அது 48 வோல்ட் மின்சாரம் கேட்கும், மெல்லிய ஒலியையும் வாங்கும். தெருவில் போகிற ஆட்டோவையும் சேர்த்துத்தான் வாங்கும். அதன் உள்ளே உள்ள மெல்லிய தகட்டுக்கு ஈரம் ஆகாது. போடிமெட்டுப் பக்கம் பனி இறங்குகிற இடத்தில் சிலிகா ஜெல் பையோடு டப்பாவில் பூட்டி வைக்க வேண்டும். டைனமிக் மைக்குக்கு இந்த வம்பு குறைவு. ஷூர் எஸ்எம்58 மாதிரி ஒன்றை வாயருகே நாலு விரல் தூரத்தில் வைத்தால் குரல் பெரிதாகவும் மழை சின்னதாகவும் பதியும். கோயில் மேடையில் அடிபட்டு உதைபட்டு இருக்கிற அதே வகை மைக்தான். அடைத்த ஸ்டூடியோவுக்கு இரண்டாந்தரம் என்று பேசப்படுவது தகரக் கூரைக்கு முதல்தரம்.

அடுத்து கரண்ட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத வீட்டில் அந்த 50உம் அதன் மடங்குகளான 100, 150உம் பதிவின் அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓடும். மலிவான இன்வெர்ட்டர்களின் சதுர அலை இன்னும் மோசம், கரகரவென்று ஏறும். இதற்கு விலையுயர்ந்த வடிகட்டி தேவையில்லை. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். யுஎஸ்பி வழியாகவே மின்சாரம் எடுக்கிற இன்டர்ஃபேஸ் இதற்குத்தான் வசதி. ஆகவே இங்கே லேப்டாப் வாங்கும்போது ப்ராசஸர் வேகத்தைவிட முக்கியம், பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதும் விசிறி எவ்வளவு சத்தம் போடும் என்பதும்.

தாமதப் பிரச்சினையையும் பார்த்துவிடலாம். பாடியது கணினிக்குள் போய் ஹெட்ஃபோனுக்குத் திரும்ப நேரம் ஆகும். 48 ஆயிரம் ஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் வைத்தால் ஒரு வழிக்கு 5.3 மில்லி செகண்டு. ஒலி காற்றில் சுமார் 1.8 மீட்டர் போகிற நேரம் அது. எதிரே நிற்பவர் பாடுவது போல, பழகிவிடும். 1,024 வைத்தால் 21 மில்லி செகண்டைத் தாண்டும். ஏழு மீட்டர் தள்ளி நிற்பவரோடு சேர்ந்து பாடுகிற மாதிரி. போக வர இரட்டிப்பு. இங்கேயும் பாடுகிறவர் இயந்திரத்துக்காகக் காத்திருக்க வேண்டியதாகிறது. இதைச் சமாளிக்கத்தான் வேகமான கணினி என்கிறார்கள். ஆனால் இன்டர்ஃபேஸில் ‘டைரக்ட் மானிட்டர்’ என்று ஒரு திருகோ பொத்தானோ இருந்தால், குரல் கணினிக்குள் போகாமலே காதுக்கு வந்துவிடும். பழைய லேப்டாப்பே போதும். புளூடூத் ஹெட்ஃபோன் மட்டும் வேண்டவே வேண்டாம், அதன் தாமதம் பாட விடாது.

இதோடு ஒன்று சேர்க்க வேண்டும். தப்பைத் தீயில் காய்ச்சித்தான் அடிப்பார்கள். ஈரக் காற்றில் தோல் தொய்ந்துகொண்டே வரும், நடுவில் மறுபடி காய்ச்சுவார்கள். அதனால் முதல் டேக்கில் இருந்த ஒலி மூன்றாவது டேக்கில் இருக்காது. இந்த டேக்கின் பாதியையும் அந்த டேக்கின் பாதியையும் ஒட்டினால் ஒட்டு தெரியும். வெட்டி ஒட்டுகிற வசதியை நம்பிப் பதியாமல், ஒரே மூச்சில் முழுசாகப் பதிவதுதான் வழி. அடியின் உச்சம் எகிறும் என்பதால் அளவுமானியில் மேலே 12 டெசிபெலாவது காலி விட வேண்டும். 16 பிட்டில் கிடைக்கிற இடைவெளி சுமார் 96 டெசிபெல். 24 பிட்டில் ஏட்டளவில் 144. இந்தக் காலியிடத்துக்காகத்தான் 24 பிட்.

மென்பொருள் யாருடையது?

ஒரு சின்ன வரலாறு. லாஜிக் இன்று ஆப்பிள் கருவிகளில் மட்டும் ஓடுகிறது. ஒரு காலத்தில் எமாஜிக் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் பொருள் அது, விண்டோஸிலும் ஓடியது. 2002இல் ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கியது, விண்டோஸ் பதிப்பை நிறுத்தியது. அதில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கணினியை மாற்ற வேண்டும், இல்லை மென்பொருளை மாற்ற வேண்டும். விண்டோஸில் நெடுங்காலம் புழங்கிய கேக்வாக் சோனாரை 2017 நவம்பரில் கிப்சன் நிறுவனம் கைவிட்டது. 2018இல் பேண்ட்லேப் வாங்கி உயிர்கொடுத்தது. 2023 மார்ச்சில் வேவ்ஸ் நிறுவனம் தன் ப்ளகின்களை இனி சந்தாவுக்கு மட்டுமே தருவோம் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே பின்வாங்கியது.

மூன்றும் சொல்வது ஒன்றைத்தான்: நாம் ‘வாங்கியதாக’ நினைப்பது பாதி நேரம் குடக்கூலிதான். இதில் கூடுதல் சங்கடம், சிக்னல் இல்லாத இடத்தில் ‘மறுபடி உள்நுழைக’ என்று கேட்டு நிற்கிற மென்பொருள். மலைக்கு மேலே கொண்டுபோகிற லேப்டாப்பில் அப்படி ஒன்றை வைத்துக்கொள்வது வம்பு.

இந்தக் கோணத்தில் பார்த்தால் மூன்று பெயர் மேலே வருகின்றன. ஆடாசிட்டி: இலவசம், இரண்டு டிராக் பிடித்து வெட்டிச் சுத்தம் செய்யப் போதும். ஆர்டர்: மூலநிரல் திறந்தது, லினக்ஸிலும் ஓடும், பழகச் சிரமம். ரீப்பர்: 60 நாள் சோதித்துப் பார்த்துவிட்டு, தனி ஆள் என்றால் 60 டாலர் கட்ட வேண்டும். அளவில் சின்னது, பழைய கணினியிலும் ஓடும். குறையையும் சொல்ல வேண்டும். ரீப்பரோடு வாத்திய ஒலிகள் அநேகமாக ஒன்றும் வராது. திறந்தால் வெறும் திரைதான். ‘பீட்’ போட நினைக்கிறவருக்கு எஃப்எல் ஸ்டூடியோவே சௌகரியம். வாழ்நாள் புதுப்பிப்பு இலவசம் என்ற அதன் கொள்கையும் மரியாதைக்குரியது.

எதை வாங்கினாலும், வேலை முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து வைத்துவிடுங்கள். மென்பொருள் செத்தாலும் வேவ் கோப்பு திறக்கும்.

அப்போ எதை வாங்குவது?

எழுதி வாசிப்பவர் என்றால் மியூஸ்ஸ்கோர் என்கிற இலவச இசைக்குறிப்பு மென்பொருள், பிட்ச் சக்கரம் உள்ள ஒரு கீபோர்டு. மற்ற பணத்தை வாசிக்க வருகிறவர்களுக்குச் சம்பளமாகக் கொடுங்கள்.

அடுக்குபவர் என்றால் வழக்கமான பட்டியலே சரி. வாத்திய ஒலித்தொகுப்புகள் நினைவகத்தைத் தின்னும் என்பதால் 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் அங்கே நியாயமான செலவு.

பிடிப்பவருக்கு முதலில் கணினியே தேவையில்லை. பேட்டரியில் ஓடும் கையடக்க ரெக்கார்டர் ஒன்று, காற்றுச் சத்தத்தைத் தடுக்கிற பஞ்சு உறை ஒன்று. ஜூம், டாஸ்காம் இரண்டிலும் சின்ன மாடல்கள் உண்டு. 32 பிட் ஃப்ளோட்டில் பதியும் வகை கிடைத்தால், அளவு எகிறினாலும் பிறகு பெரும்பாலும் மீட்டுக்கொள்ளலாம். 24 பிட், 48 ஆயிரம் ஹெர்ட்ஸ், இரண்டு சேனல் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். இதற்கு எந்தப் பழைய லேப்டாப்பும் போதும். மிச்சப் பணத்துக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, இரண்டையும் இரண்டு வீட்டில் வையுங்கள்.

‘வீட்டிலேயே உட்கார வைத்துப் பதியலாமே, ரெக்கார்டர் எதற்கு’ என்பவர்களுக்கு ஒரு விஷயம். ஒப்பாரியைச் சாவு விழாத வீட்டுக்குள் பாடச் சொன்னால் நம் பெண்கள் பலர் மாட்டேன் என்பார்கள். ஆகாது என்பார்கள். தோட்டத்துக்கோ களத்துக்கோ தள்ளிப் போய்த்தான் பாடிக் காட்டுவார்கள். அடைத்த அறையை நம்பி எழுதிய ஆலோசனை இந்த இடத்தில் மொத்தமாகக் காலியாகிறது. மைக்தான் பாட்டு இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும். போகும்போது கேட்டு அனுமதி வாங்க வேண்டும். பாடியவர் பெயர், ஊர், தேதி, பாட்டை யாரிடம் கற்றார் என்பதையும் அதே ரெக்கார்டரில் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிந்துவிட வேண்டும். கோப்புக்கு ‘புதியது 3’ என்று பெயர் வைத்தால் ஐந்து வருஷத்தில் அது யாருடையதும் இல்லை.

போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் விடியுமுன்னே ஜீப்பில் ஏறி ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிற பெண்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர்களுக்குத் தெரிந்த தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் அடுத்த தலைமுறைக்கு அப்படியே போய்ச் சேரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஏலக்காயை மில்லிமீட்டர் கணக்கில் தரம் பிரித்து ஏலம் போடுகிற ஊர் அது. காய்க்கு அவ்வளவு கவனம் கொடுக்கிற இடத்தில், பறிக்கிறவரின் குரலுக்கு ஒரு ரெக்கார்டரும் ஒரு மதியப் பொழுதும் பெரிய செலவாகாது. இந்த வருஷம் எந்த லேப்டாப் நல்லது என்ற கேள்விக்கு அடுத்த வருஷமும் பதில் கிடைக்கும். அடுத்த வருஷம் யார் பாட இருப்பார் என்று சொல்ல முடியாது. கையில் இருக்கிற போனிலாவது முதலில் பதிந்துவிடுங்கள், கருவியைப் பிறகு யோசிக்கலாம்.